ஞாயிறு கேள்வி: யாரும் பார்க்காத ஊழியம்

கேள்வி: 8 வருடமாக ஆலயத்தில் நாற்காலி போட்டு, பெருக்குகிறேன். பாராட்டெல்லாம் பாடகர் குழுவுக்கே. மனம் சோர்கிறது.

பதில்: வேதாகமத்தில் எண்ணாகமம் 4-ஆம் அதிகாரத்தைத் திறந்து வையுங்கள். வனாந்தரப் பயணத்தில் இஸ்ரவேலரின் வழிபாட்டுக் கூடாரத்தைச் சுமக்கும் ஊழியம் லேவி கோத்திரத்தின் மூன்று வம்சங்களுக்கு: கோகாத், கெர்சோன், மெராரி. கோகாத்தியர் மகா பரிசுத்தமான உடன்படிக்கைப் பெட்டியைச் சுமந்தார்கள். மெராரி புத்திரருக்குக் கிடைத்ததோ கூடாரத்தின் பலகை, முளை, கயிறு. ஆனால் அந்தச் சாமான்களைத்தான் பெயர்பெயராக எண்ணி ஒப்புவிக்கச் சொல்கிறார் கர்த்தர் (வசனம் 32). ஒவ்வொரு முளையும் அவர் கணக்கில் இருந்தது! 7-ஆம் அதிகாரத்தில் மெராரிக்கு 4 வண்டி, 8 மாடு. கெர்சோனுக்கு 2 வண்டி, 4 மாடு. கோகாத்துக்கு ஒன்றுமில்லை, தோளில்தான் சுமை. கர்த்தர் சொன்னபடி, அவரவர் வேலைக்குத் தக்கதாக மோசே கொடுத்தார்.

பொறாமை போலத் தெரிவது பல நேரம் வெறும் களைப்புதான். போதகரிடம் துணைக்கு ஒருவரைக் கேளுங்கள். அது முறுமுறுப்பு அல்ல. ஒப்பீடு தலைதூக்கும்போது அந்தப் பாடகரின் பெயரைச் சொல்லியே ஜெபியுங்கள், அடுத்த நாற்காலியை விரிப்பதற்கு முன்பாக.