முகப்பில் ஒரு பதில், அடுப்படியில் ஒரு பதில்

கேள்வி: எம்.ஏ. சமூகவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் தனியாக இருக்கும் முதியவர்களைப் பற்றி ப்ராஜெக்ட் எடுத்திருக்கிறேன். சர்வே, நேர்காணல், பங்கேற்று நோக்கல் என்று ஒவ்வொரு முறைக்கும் நிறை குறைகளை மனப்பாடம் செய்தாயிற்று. எனக்கு எது பொருந்தும் என்றுதான் தெரியவில்லை அம்மா.
– வாசகி, பள்ளத்தூர்

பதில்: மகளே, நிறை குறைப் பட்டியலைக் கொஞ்ச நாள் மூடி வை. உனக்கு என்ன தெரிய வேண்டும் என்பதை முதலில் ஒரே வரியில் எழுது. "பள்ளத்தூரில் எத்தனை வீடுகளில் முதியவர்கள் தனியாக இருக்கிறார்கள்?" என்றால் அது எண்ணிக்கை. வீடு வீடாகப் போய்க் கேள்வித்தாள் நிரப்பித்தான் ஆக வேண்டும். "விளக்கு வைத்த பிறகு அந்த ஆச்சி யாரிடம் பேசுகிறார்?" என்பது உன் கேள்வியானால் கேள்வித்தாள் கை கொடுக்காது. பக்கத்தில் போய் உட்கார்ந்து பார்க்க வேண்டும், பங்கேற்று நோக்கல் என்பது அதுதான்.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தது ஒரு வீட்டு அடுப்படி. 1986-ல் ஒரு நிறுவனத்துக்காக நாள் சம்பளத்தில் தேவகோட்டைப் பக்கம் சர்வே எடுக்கப் போனேன். ஒரு வீட்டில் முகப்பில் உட்கார வைத்தார்கள். வீட்டுப் பெரியவர் ஒவ்வொரு கேள்விக்கும் நிதானமாகப் பதில் சொன்னார். "வீட்டில் சம்பாதிக்கும் பெண்கள் எத்தனை பேர்?" "யாரும் இல்லை." பூஜ்யம் போட்டேன். கிளம்பும்போது குடிக்கத் தண்ணீர் கேட்டேன், உள்ளே போய் வாங்கிக்கொள்ளச் சொன்னார். வளவு என்கிற உள்முற்றத்தைத் தாண்டி, இரண்டாங்கட்டு என்கிற அடுத்த பகுதியையும் தாண்டிப் போனால், அடுப்படியில் மூன்று பெண்கள் தேன்குழல் சுட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மாவு பிசைய, ஒருவர் அச்சைப் பிழிய, ஒருவர் கரண்டியோடு எண்ணெய்ச் சட்டி முன்னால். சுவரோரம் வரிசையாகத் தகர டின்கள். ஒவ்வொன்றிலும் சாக்பீஸால் ஒரு கல்யாண வீட்டின் பெயர். படிக்கு இவ்வளவு என்று கூலி என்றார் மருமகள், எண்ணெயிலிருந்து கண்ணை எடுக்காமலே.

பெரியவர் பொய் சொல்லவில்லை. அவர் கணக்கில் அது சம்பாத்தியம் இல்லை, பொம்பளைகள் கைவேலை. தப்பு என் கேள்வியில் இருந்தது, அதை நான் கேட்ட இடத்திலும் இருந்தது. அந்தப் பூஜ்யத்தை அடித்து மூன்று என்று எழுதினேன். ஆனால் அதற்கு முன் முடித்துக் கொடுத்த முப்பது நாற்பது வீடுகளின் பூஜ்யங்கள் அப்படியே அறிக்கைக்குள் போய்விட்டன. இன்றுவரை அது என்னை உறுத்துகிறது.

அதற்காக சர்வே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். கேள்வித்தாள் எழுதும் முன் பத்துப் பதினைந்து நாள் சும்மா போய் உட்கார்ந்து பார் என்கிறேன். எந்தக் கேள்வியை யாரிடம், வீட்டின் எந்தப் பகுதியில் கேட்க வேண்டும் என்பது அப்போதுதான் பிடிபடும். "குடும்பம்" என்ற சொல்லையே எடுத்துக்கொள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், பொதுவான ஒரே சமையலில் சாப்பிட்டு ஒன்றாக வாழ்கிறவர்கள் ஒரு குடும்பம். நம் பக்கத்தில் கல்யாணமான மகனை "வேறு வைக்கும்" வழக்கம் உண்டு. ஒரே கதவிலக்கம், ஒரே வளவு, ஆனால் அண்ணன் தம்பிக்குத் தனித்தனி அடுப்பு. நகரத்தார் கோயில் கணக்கிலோ கல்யாணமான ஒரு தம்பதி ஒரு புள்ளி. ஆக ஒரு வீட்டைக் கதவிலக்கத்தால் எண்ணினால் ஒரு கணக்கு, அடுப்பால் எண்ணினால் வேறு கணக்கு, புள்ளியால் எண்ணினால் இன்னொரு கணக்கு. உன் ஆய்வில் "தனியாக" என்றால் என்ன? அதே வளவில் கொழுந்தன் வீட்டு அடுப்பு எரிகிறது, ஆச்சி தனக்கு மட்டும் உலை வைக்கிறார். அவர் தனியாகவா இருக்கிறார்? இதை முடிவு செய்யாமல் ஒரு வீட்டுப் படியும் ஏறாதே.

நேர்காணல் எடுக்கும்போது பதிலுக்காக அவசரப்படாதே. "பிள்ளைகள் பேசுவார்களா?" என்றால் "தினமும் பேசுவான்" என்றுதான் எந்தத் தாயும் சொல்வாள். "கடைசியாக எப்போது பேசினான், என்ன பேசினான்?" என்று கேள். அப்புறம் பேசாமல் இரு.

குறிப்பை அன்றன்றைக்கு ராத்திரியே எழுதிவிடு, படி எடுத்து வேறு வேறு இடத்தில் வை. சமூகவியலாளர் எம்.என்.ஸ்ரீநிவாஸ் 1948-ல் மைசூர்ப் பக்கம் ராம்புரா என்ற கிராமத்தில் தங்கி ஆய்வு செய்தவர். வகைப்படுத்தி வைத்திருந்த குறிப்புகளின் மூன்று படிகளும் 1970-ல் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் அவர் இருந்த இடத்துக்குத் தீ வைக்கப்பட்டதில் ஒன்றாக எரிந்துபோயின. அந்த ஊரைப் பற்றிய புத்தகத்தை நினைவிலிருந்துதான் எழுதினார். 1976-ல் அது வெளிவந்தது. அவரால் அது முடிந்தது, அந்த ஊரில் அவ்வளவு ஊறியிருந்தார். நீ மூன்று படியையும் ஒரே பையில் வைக்காதே.

கேள்வி: பத்து இருபது பேரைக் கேட்டுவிட்டு, "செட்டிநாட்டு மக்கள் இப்படி நினைக்கிறார்கள்" என்று எழுதுகிறார்களே, அது எப்படிச் சரியாகும்?
– ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், காரைக்குடி

பதில்: ஐயா, ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். அந்தச் சோறு முழுக்க ஒரே பானையில், ஒரே தீயில் வெந்திருந்தால் மட்டும்தான் அது பொருந்தும். ஊர் அப்படி வேகவில்லை. செட்டிநாடு என்றதும் நகரத்தார் வீடுகளை மட்டும் நினைத்துக்கொண்டு, ஆத்தங்குடியில் தரைக்கல் போடுகிறவரையும், அந்த வீடுகளுக்கு வெள்ளையடிக்கிறவரையும், பூட்டிய வீட்டுக்குக் காவல் இருக்கிறவரையும் விட்டுவிட்டால், இருபது பேர் அல்ல, இரண்டாயிரம் பேரைக் கேட்டாலும் அது செட்டிநாடு ஆகாது.

அமெரிக்காவில் 1936 அதிபர் தேர்தலுக்கு முன் லிட்டரரி டைஜஸ்ட் என்ற பத்திரிகை சுமார் 1 கோடிப் பேருக்கு வாக்குச்சீட்டு மாதிரி அனுப்பிக் கருத்துக் கேட்டது. 20 லட்சத்துக்கும் மேல் பதில் வந்தது. ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன் ஜெயிப்பார் என்று எழுதினார்கள். நடந்ததோ, 48 மாநிலங்களில் 46-ல் ரூஸ்வெல்ட் வென்றார். முகவரிகளைப் பெரும்பாலும் தொலைபேசிப் பட்டியலிலிருந்தும் கார் வைத்திருப்பவர் பட்டியலிலிருந்தும் எடுத்திருந்தார்கள். பொருளாதாரம் படுத்துக் கிடந்த அந்தக் காலத்தில் போனும் காரும் வைத்திருந்தவர் யார்? பதில் எழுதிப் போட்டவர்களும் ஒரு பக்கம் சாய்ந்தவர்களாக இருந்தார்கள். அதைவிட மிகச் சிறிய மாதிரியை வைத்துக்கொண்டு கேலப் என்பவர் ரூஸ்வெல்ட்தான் என்று சரியாகச் சொன்னார்.

பத்துப் பேரிடம் ஆழமாகப் பேசி எழுதுவது தவறே இல்லை. ஒரு விஷயம் எப்படி நடக்கிறது, ஏன் நடக்கிறது என்று அதில் தெரியும். ஊரில் எத்தனை பேருக்கு அப்படி நடக்கிறது என்று அதை வைத்துச் சொல்லக் கூடாது. நீங்கள் சொல்கிறவர்கள் அந்த இடத்தில்தான் எல்லை தாண்டியிருக்கிறார்கள்.

கேள்வி: ஒரு கல்லூரிப் பெண் வந்து எங்கள் ஆத்தாவிடம் மருந்துச் செலவு, பிள்ளைகள் அனுப்பும் பணம் எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டு போனாள். சொன்னது சரியா? பெயர் வெளியே வருமா?
– வாசகர், கானாடுகாத்தான்

பதில்: எதற்காகக் கேட்கிறாள், எங்கே போகும் என்று முதலிலேயே சொல்லி ஆத்தாவின் சம்மதம் வாங்கியிருக்க வேண்டியது அவள் கடமை. பிடிக்காத கேள்விக்குப் பதில் சொல்லாமல் விடலாம், பாதியில் போதும் என்று நிறுத்தலாம், சொன்னதைப் போடாதே என்று பிறகு சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு. போனில் பதிவு செய்வதானால் தனியாகக் கேட்க வேண்டும்.

பெயரை மாற்றுவது வழக்கம்தான். மேலே சொன்ன ராம்புரா என்பதே மாற்றுப் பெயர். ஆந்த்ரே பெத்தே என்ற சமூகவியலாளர் தஞ்சாவூர்ப் பக்கம் ஆய்வு செய்த ஊரையும் ஸ்ரீபுரம் என்றுதான் எழுதினார். ஆனால் கானாடுகாத்தான் மாதிரி ஊரில் பெயரை மட்டும் மாற்றினால் போதாது. "ஊருணிக்கு எதிர் வீடு, மூத்த மகன் சிங்கப்பூரில்" என்று எழுதினால் தெருவே சொல்லிவிடும். அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, எழுதியதை ஆத்தாவுக்கு ஒருமுறை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: வீட்டைச் சுத்தம் செய்தபோது டிரங்குப் பெட்டி நிறைய ரங்கூன் கடிதங்களும் பேரேடுகளும் கிடைத்தன. பழைய பேப்பர்காரர் எடைக்குக் கேட்கிறார். இவற்றால் யாருக்காவது பயன் உண்டா?
– வாசகர், கோட்டையூர்

பதில்: தயவுசெய்து போடாதீர்கள்! போலந்திலிருந்து அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போனவர்களுக்கும் ஊரில் இருந்த சொந்தங்களுக்கும் இடையே போய்வந்த கடிதங்களை வைத்துத்தான் தாமஸ், ஸ்னானியெக்கி என்ற இருவர் 1918 முதல் 1920 வரை ஐந்து தொகுதிகள் வெளியிட்டார்கள். சமூகவியலில் ஆவணங்களை வைத்து ஆய்வு செய்யும் முறைக்கு அது பெரிய முன்மாதிரி. உங்கள் பெட்டியில் இருப்பதும் அதே மாதிரிச் சரக்குதான்.

என் அப்பா ஒரு வீட்டில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். ரங்கூனிலிருந்து அந்த வீட்டுக்கு வந்த 1942 ஜனவரிக் கடிதம் ஒன்றைப் படித்திருக்கிறேன். பிள்ளையார் சுழி, சிவமயம், அப்புறம் "இவ்விடம் யாவரும் சௌக்கியம், கவலைப்பட வேண்டியதில்லை." போரில் ரங்கூனில் குண்டு விழ ஆரம்பித்தது 1941 டிசம்பர் 23-ல். கடிதத்தை மட்டும் படித்தால் பயமே இல்லாத குடும்பம் என்று தோன்றும். அதே மாதத்து வீட்டுச் சிட்டையை, அதாவது அன்றாடக் கணக்கு நோட்டைப் புரட்டினால், பிள்ளையார்பட்டி அர்ச்சனை, வண்டிக்கூலி, மறுபடி அர்ச்சனை என்று நாலைந்து நாளைக்கு ஒரு பற்று. அதற்கு முந்தின வருஷம் மாதத்துக்கு ஒன்றுகூட இல்லை. கடிதத்தையும் சிட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோதுதான் அந்த வீட்டுப் பெண்கள் எனக்குக் கண்ணில் பட்டார்கள். அவர்கள் கைப்பட எழுதியது ஒரு வரிகூட அந்தப் பெட்டியில் இல்லை.

அதனால் கடிதத்தையும் கணக்கையும் பிரிக்காதீர்கள். எந்தக் கட்டுக்குள் எது இருந்ததோ அப்படியே இருக்கட்டும், அந்த வரிசையும் ஒரு தகவல்தான். செலோடேப் ஒட்ட வேண்டாம், வெயிலில் காய வைக்க வேண்டாம். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ் இருந்தால் அவற்றையும் வையுங்கள். உங்கள் ஊர்க்காரர் ரோஜா முத்தையா செட்டியார் அப்படிச் சேர்த்ததைத்தான் அவர் 1992-ல் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. 1994-லிருந்து சென்னையில் நூலகமாக இருக்கிறது. அங்கே ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

அதற்கு முன், வீட்டில் வயதான ஆச்சி யாராவது இருந்தால் ஒவ்வொரு கடிதமாக வாசித்துக் காட்டுங்கள். யார் கையெழுத்து, "சின்னவள்" என்றால் யார் என்று அவர் சொல்வதைத் தனித் தாளில் எழுதிக் கடிதத்தோடு வையுங்கள். கடிதத்தின் மேல் எதுவும் எழுதிவிடாதீர்கள்.