பல வாரம் திறக்காத ஷவரில் குளித்தால் லெஜியனேர்ஸ் நோய் வருமா?

வரலாம். இது பாக்டீரியாவால் வரும் கடுமையான நிமோனியா, அதாவது நுரையீரல் தொற்று. ஷவர் தண்ணீரைக் குடிப்பதைவிட, அதன் நுண்திவலைகளை மூச்சோடு இழுப்பதுதான் ஆபத்து. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குச் சாதாரணமாகத் தொற்றாது.

இந்தப் பெயர் வந்த கதை இது: 1976 ஜூலையில் அமெரிக்காவில் பிலடெல்பியாவின் ஒரு ஹோட்டலில் அமெரிக்கன் லீஜியன் என்ற முன்னாள் படைவீரர் அமைப்பின் மாநாடு நடந்தது. அதற்கு வந்தவர்களில் 182 பேருக்கு இந்த நோய் கண்டது. 29 பேர் இறந்தார்கள். காரணமான லெஜியோனெல்லா பாக்டீரியா பிடிபட்டதே 1977 ஜனவரியில்தான்.

25 முதல் 45 டிகிரி வரையிலான வெதுவெதுப்பு, ஓடாத தண்ணீர், குழாய்க்குள் படியும் வழவழப்பான படலம் மூன்றும் சேர்ந்தால் இந்தக் கிருமிக்குக் கொண்டாட்டம். கரண்ட் மிச்சம் என்று கீசரை 40-ல் வைக்கிறோமே, அது விருந்து வைப்பதுதான். 60-ல் வையுங்கள், குளிக்கும்போது பச்சைத் தண்ணீர் கலந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் தோல் வெந்துவிடும்.

ஊரிலிருந்து திரும்பியதும் ஷவர் தலையைக் கழற்றிவிட்டு, சாரல் தெறிக்காமல் வெந்நீர், தண்ணீர் இரண்டையும் சில நிமிடம் ஓடவிடுங்கள். கழற்றிய தலையில் உப்பு அடைத்திருக்கும். வினிகரில் ஊறவைத்துத் தேய்த்தால் போய்விடும்.

அப்புறம், இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறல் வந்தால் டாக்டரிடம் இந்த ஷவர் விஷயத்தையும் சொல்லுங்கள். பென்சிலின் இதற்குக் கேட்காது. அசித்ரோமைசின், லெவோஃப்ளாக்சசின் போன்றவைதான் கேட்கும்.