எக்ஸாஸ்ட் வால்வு திரும்பத் திரும்ப எரிகிறதா?

அண்ணே, ஹெட் (சிலிண்டரின் மேல்மூடி) வேலை முடித்து ஒரு சீசன்கூடத் தாங்காமல் காசிமேட்டு போட்டில் அதே சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு (புகையை வெளியே விடும் வால்வு) மறுபடி எரிந்துவிட்டது, வால்வு பிராண்டை மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் கைடை, அதாவது வால்வின் தண்டு ஏறி இறங்கும் குழலைப் பாருங்கள். அந்த வால்வின் சூடு பெரும்பாலும் சீட்டில் (வால்வு மூடும்போது படியும் வளையத்தில்) உட்காரும்போதுதான் ஹெட்டுக்கு இறங்கும். கைடு தேய்ந்தால் வால்வு சாய்ந்து உட்காரும், ஓர் ஓரம் கசியும், அந்த ஓரமே எரியும். கழற்றிய வால்வின் தண்டு ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். ஜூன் 14-இல் மீன்பிடித் தடைக்காலம் முடியும் அவசரத்தில் கைடைத் தொடாமல் பேஸ்ட் போட்டு வால்வைச் சீட்டில் தேய்த்து மட்டும் கொடுக்கும் பட்டறைகள் உண்டு.

அப்புறம் டேப்பெட், அதாவது வால்வுக்கும் அதை அழுத்தித் திறக்கும் பாகத்துக்கும் நடுவே விடும் இடைவெளி. புது சீட் ஓடஓடக் கொஞ்சம் இறங்கும். இடைவெளி குறைந்து வால்வு முழுசாக மூடாது. இதில் சத்தமே வராது, அதுதான் வில்லங்கம். முதல் சில நடைக்குப் பிறகு கேஜ் (இடைவெளி அளக்கும் தகடு) வைத்துப் பார்த்தே ஆக வேண்டும்.

தண்டில் துரு இருந்தால் கதை வேறு: சைலன்சர் வழியாகக் கடல் தண்ணீர் ஏறுகிறது.

ஹெட் திரும்பி வந்ததும் மாட்டிவிடாதீர்கள். போர்ட்டில் (ஹெட்டில் புகை போகும் துளையில்) மண்ணெண்ணெய் ஊற்றிப் பாருங்கள். வால்வு ஓரத்தில் கசிந்தால் அப்படியே திருப்பிக் கொடுங்கள்.