வெயிலில் வாடும் புல்தரை: வாசகர் கேள்விகள்

தினமும் தண்ணீர் விட்டும் எங்கள் கொரியன் புல் சித்திரையில் சாம்பல் பூத்துவிடுகிறது. நுண்ணுயிர் உரம் வாங்கலாமா? (மதுரை)

வாங்குமுன் ஒரு சாண் ஆழத்துக்கு மண்ணைத் தோண்டிப் பாருங்கள். வேர் இரண்டு விரற்கடையோடு நின்றிருந்தால், அது பூவாளியால் தினமும் தலையை மட்டும் நனைத்ததன் பலன். தண்ணீரை இடைவெளி விட்டு, ஆழமாக இறங்கும்படி பாய்ச்சுங்கள். பிறகு கம்பியால் நெருக்கமாகத் துளையிட்டு, மட்கிய தொழு உரத்தில் வேர் உட்பூசணத்தை (‘வேம்’ எனப்படும், வேருக்குள் வாழும் நுண்ணுயிர் உரம்) கலந்து துளைகளில் நிரப்புங்கள். இந்தப் பூசணம் வேரைத் தொட்டால்தான் உயிர் பிடிக்கும். இலையில் தெளிப்பது காசுக்குக் கேடு. கூடவே சூப்பர் பாஸ்பேட்டை அள்ளி இறைக்காதீர்கள். மணிச்சத்து (பாஸ்பரஸ்) மிகுந்த மண்ணில் வேர் இந்தப் பூசணத்தை அண்டவிடாது.

நுண்ணுயிர் வெப்பத்தைத் தாங்க வைக்கும் என்பது வெறும் விளம்பரமா? (திருச்சி)

இல்லை. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில், வெந்நீர் ஊற்றுகளை ஒட்டிய சுடுமண்ணில் ஒரு புல் வளர்கிறது. அதனுள் ஒரு பூசணம் குடியிருக்கிறது. தனித்தனியே வளர்த்தால் இரண்டும் 38 டிகிரிக்கு மேல் தாங்குவதில்லை. சேர்ந்திருந்தால் 65 டிகிரி மண்ணிலும் பிழைக்கின்றன. 2007இல் வெளியான ஆய்வு இன்னொரு முடிச்சையும் அவிழ்த்தது: பூசணத்துக்குள் ஒரு வைரஸ் இருக்கிறது, அதை நீக்கினால் புல்லின் வெப்பம் தாங்கும் திறனும் போய்விடுகிறது!

வறட்சியில் நுண்ணுயிரின் வேலை வேறு விதம். வாடும் புல் எத்திலீன் என்ற வாயுவைச் சுரக்கும். இலை பழுக்கும், வேர் வளர்ச்சி தடைபடும். சில வேர்ப் பாக்டீரியாக்கள் எத்திலீன் உருவாவதற்கான மூலப்பொருளையே சிதைத்துவிடுகின்றன. ஆனால் எல்லாப் பாட்டிலிலும் அந்த ரகம் இருக்காது. லேபிளில் இனப்பெயரும் காலாவதித் தேதியும் இல்லாததைத் தொடாதீர்கள்.

பிபிஎஃப்எம் புல்தரைக்கு ஆகுமா? (கோவை)

உங்கள் ஊர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் வறட்சிக்காகப் பயிர்களுக்குப் பரிந்துரைக்கும் இளஞ்சிவப்புப் பாக்டீரியா இது. இலை வெளியிடும் மெத்தனாலை உண்டு இலைமேலேயே வாழும். நெல்லும் புல்லினம்தானே, ஒரு மூலையில் சோதித்துப் பாருங்கள். லிட்டருக்கு 10 மில்லி, வெயில் தாழ்ந்த பிறகு.

பூசணக்கொல்லியோடு சேர்த்துத் தெளிக்கலாமா? (சேலம்)

கூடாது. செப்பு மருந்து அடித்த தெளிப்பானைச் சரியாகக் கழுவாமல் பாக்டீரியாக் கரைசலை ஊற்றி, ஒரு பாட்டிலை நானே வீணாக்கியிருக்கிறேன். குளோரின் வாடை வீசும் குழாய்த் தண்ணீரையும் ஓர் இரவு திறந்த வாளியில் வைத்த பிறகே கலக்குங்கள்.

அருகம்புல் தரைக்கும் இதெல்லாம் தேவையா? (நாகர்கோவில்)

அவசியமில்லை. காய்ந்ததுபோலக் கிடந்தாலும் ஒரு மழைக்குத் துளிர்த்துவிடும். ஒட்ட வெட்டாமல் இருந்தால் போதும்.