மீன்கறியில் புளி கூடிப்போச்சாம்!

கேள்வி: அக்கா, கணவர் பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரி ஏறி ஜார்ஜ்டவுனுக்கு வேலைக்குப் போகிறார். வீட்டுக்குள் நுழைந்ததுமே மீன்கறியில் புளி கூடிப்போச்சு, பிள்ளைக்கு மார்க் குறைஞ்சுபோச்சு என்று குறைதான். நானும் பதிலுக்குப் பதில் பேசிவிடுகிறேன்.

பதில்: தங்கச்சி, எங்கள் வீட்டில் குறை சொன்னது நான். ஒருநாள் என் வீட்டுக்காரர் மழையில் நனைந்துகொண்டே பசாருக்குப் போய் கெம்போங் மீன் வாங்கி வந்தார். "ஏன் இவ்வளவு சின்னது?" என்றேன். பையை வைத்துவிட்டு, பேசாமல் திரும்பி நின்று தலையைத் துவட்டினார். அந்த முதுகை இன்னும் மறக்க முடியவில்லை.

அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன், நிலைத்த தம்பதியரிடம் சண்டையின்போதும் ஒரு கடுமைக்கு 5 கனிவாவது இருப்பதைக் கண்டார். செருப்பைக் கழற்றியதும் தே ஓ (பால் கலக்காத தேநீர்) கொடு, "ஃபெரியில் கூட்டமா?" என்று கேள். மனசு நோகுது என்பதையும் அவரிடம் சொல்லிவிடு. மார்க் பேச்சு சாப்பாட்டுக்குப் பிறகு. அடி, மிரட்டல் என்றால் மட்டும் பொறுக்காதேம்மா. 15999, தாலியான் காசே (Talian Kasih) என்ற மலேசிய அரசாங்க உதவி எண், உடனே கூப்பிடு.