பெண் உறுப்பு சிதைப்பு: நீங்க கேட்டதுக்கெல்லாம் என் பதில்

கேள்வி: டாக்டர், பசங்களுக்கு சுன்னத் பண்ற மாதிரிதானே இதுவும்?

பதில்: இல்லங்க, தயவுசெஞ்சு ரெண்டையும் ஒண்ணா பேசாதீங்க. அங்க எடுக்கிறது முன்தோல். இங்க பெண்ணுறுப்போட மேல்பக்கம் நரம்பு நிறைஞ்சிருக்கிற சின்ன மொட்டு, அதாவது கிளிட்டோரிஸையே வெட்டுறாங்க, பல இடத்துல பெண்ணுறுப்போட உதடுகளையும் சேத்து. சோமாலியா, சூடான் பக்கம் அதுக்கும் மேல போய், ஓரங்களை இழுத்து மூடி சின்ன ஓட்டை மட்டும் விடுவாங்க, சிறுநீரும் தீட்டு ரத்தமும் அது வழியாத்தான் வரணும். உலக சுகாதார நிறுவனம் பிரிச்ச 4 வகையில இது 3ஆவது. உடம்புக்கு இதால ஒரு நன்மையும் கிடையாது, ஒண்ணு கூட.

கேள்வி: புண்ணு ஆறிட்டா சரியாயிடும்ல?

பதில்: ஆறுறதுக்கு முன்னாடியே ரத்தம் நிக்காம செத்துப்போன குழந்தைங்க உண்டு, டெட்டனஸ் வந்தும் போயிருக்காங்க. பிழைச்சவங்களுக்கு வருஷக்கணக்கா சிறுநீர் தொற்று, மாதவிடாய் வலி, தழும்புக்குள்ள கட்டி, உறவுல வலி, அதோட அன்னிக்கு பிடிச்சு அமுக்குன கைகள் கனவுல வர்ற பயம்.

கேள்வி: பிரசவத்துல என்னாகும்?

பதில்: தழும்பு விரிஞ்சு கொடுக்காது, அதான் சிக்கல். 6 ஆப்பிரிக்க நாடுகள்ல 28,000க்கு மேல பெண்களை வச்சு நடந்த ஆய்வு 2006ல வந்துச்சு. எதுவும் வெட்டப்படாதவங்களை விட, 3ஆவது வகை செய்யப்பட்டவங்களுக்கு சிசேரியன் சுமார் 30 சதவீதம் கூட, பிரசவத்துக்கு அப்புறம் அதிக ரத்தப்போக்கு 70 சதவீதம் கூட, குழந்தை இறக்குறது 55 சதவீதம் கூட. அம்மாவுக்கு சின்ன வயசுல வச்ச பிளேடு பிள்ளை வரைக்கும் வருது பாருங்க.

கேள்வி: ஆஸ்பத்திரியில மயக்க மருந்து குடுத்து செஞ்சா?

பதில்: அந்த நேரத்து வலி குறையலாம், அவ்ளோதான். வெட்டுன நரம்பு திரும்ப வருமா? நல்லா இருக்கிற உறுப்பை வெட்டுறது வைத்தியமே இல்ல, கோட்டு போட்டவர் செஞ்சாலும் அதேதான்.

கேள்வி: அக்கா, எனக்கு சின்ன வயசுல மூடி தைச்சுட்டாங்க. இப்போ 5 மாசம். டாக்டர்கிட்ட சொல்லவே கூச்சமா இருக்கு.

பதில்: கூச்சப்பட நீ என்னம்மா தப்பு பண்ண? உலகத்துல 23 கோடிக்கு மேல பெண்கள் இதோட வாழ்றாங்க. அடுத்த செக்கப்லயே சொல்லிடு, வாய் வரலன்னா எழுதிக் குடு. மூடுனதை மரத்துப்போக ஊசி போட்டு திறந்து விடலாம், பிரசவ வலி வர்றதுக்கு முன்னாடியும் முடியும், பிரசவ நேரத்துலயும் முடியும். குழந்தை பொறந்ததும் பழையபடி தைச்சுடுங்கன்னு வீட்ல யாராவது கேப்பாங்க, அது வேணாம்னு இப்பவே டாக்டர்கிட்ட சொல்லி ஃபைல்ல எழுத வச்சுடு.