ஸ்பீடில் அடைக்கும் பத்மினி: கார்புரேட்டரை மாற்றும் முன் டேங்கைப் பாருங்கள்

கேள்வி: 1993 மாடல் பிரீமியர் பத்மினி வைத்திருக்கிறேன். ஐட்லிங் நன்றாக நிற்கிறது, ஊருக்குள் ஒரு குறையும் இல்லை. ஹைவேயில் 70-ஐத் தாண்டி அழுத்தினால் கொஞ்ச தூரம் இழுக்கும், அப்புறம் அடைத்துக்கொண்டு திணறும். காலை எடுத்து சில நொடி விட்டால் சரியாகி, மறுபடி அதே கதை. மேம்பாலம் ஏறும்போது இன்னும் சீக்கிரம் வருகிறது. கார்புரேட்டரை இரண்டு முறை கழற்றிச் சுத்தம் செய்தாயிற்று, பிளக் புதுசு. இப்போது கார்புரேட்டரையே மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

பதில்: இப்போதைக்கு மாற்றாதீர்கள். நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. மெயின் ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளை) அடைத்திருந்தால் அழுத்திய உடனேயே இழுவை குறைந்திருக்கும். உங்கள் வண்டி கொஞ்ச தூரம் நன்றாக ஓடிவிட்டுத்தான் திணறுகிறது, காலை எடுத்தால் தேறுகிறது. ஃப்ளோட் சேம்பரில், அதாவது கார்புரேட்டரின் சிறு கிண்ணத்தில், இருக்கும் பெட்ரோல் தீரும்வரை ஓடுகிறது, அது மறுபடி நிரம்பியதும் ஓடுகிறது என்றுதான் எனக்குப் படுகிறது. கார்புரேட்டருக்கு வந்து சேரும் பெட்ரோலே போதவில்லை.

ஒரு கணக்கு பாருங்கள். இந்த 1089 சிசி இன்ஜின் முழு மூச்சில் ஓடினால் மணிக்கு சுமார் 12 லிட்டர் குடிக்கும், அதாவது நிமிடத்துக்கு 200 மில்லி. ஐட்லிங்கில் அதில் சிறு பங்குதான் தேவை. அதனால் பாதி அடைத்த லைனை வைத்துக்கொண்டு ஊருக்குள் மாதக்கணக்கில் ஓட்டலாம், ஹைவேயில்தான் மாட்டும்.

ஆனாலும் ஊகத்தை வைத்து செலவு செய்ய வேண்டாம், முதலில் காசில்லாத சோதனைகள். நியூட்ரலில் வைத்து இன்ஜினை அதே வேகத்துக்கு ரெய்ஸ் செய்யுங்கள். லோடு இல்லாதபோது பெட்ரோல் அதிகம் தேவைப்படாது, அதனால் அங்கேயும் குறிப்பிட்ட ஒரு ஆர்பிஎம்மில் வெட்டி வெட்டி மிஸ்ஸிங் வந்தால் சந்தேகம் கரண்ட் பக்கம் போக வேண்டும்: சிபி பாயிண்ட் (காயிலுக்குப் போகும் கரண்டை வெட்டி வெட்டி விடும் தொடுமுனை) கேப், தளர்ந்த பாயிண்ட் ஸ்பிரிங், கண்டென்சர். நியூட்ரலில் சுத்தமாக ஏறி, ரோட்டில் மட்டும் அடைத்தால் பெட்ரோல் மேல் சந்தேகம் வலுக்கிறது. பலவீனமான காயிலும் லோடில்தான் கைவிடும் என்பதால் இது முடிவான தீர்ப்பு இல்லை.

அடுத்து, திணறும் நேரத்தில் சோக் நாபைக் கொஞ்சம் இழுத்துப் பாருங்கள், சோக் காற்றைக் குறைத்துப் பெட்ரோல் பங்கைக் கூட்டும். ஒரு நொடியாவது தேறினால் பெட்ரோல் குறைவு. இன்னும் மோசமானால் பெட்ரோல் அதிகம், ஏர் ஃபில்டரையும் சோக் முழுசாகத் திரும்புகிறதா என்பதையும் பாருங்கள். எந்த மாற்றமும் இல்லையென்றால் இக்னிஷன்.

இன்னும் உறுதி வேண்டுமா? ஆளில்லாத நேரான ரோட்டில், திணறும் அந்த நொடியிலேயே கிளட்சை மிதித்து இக்னிஷனை ஆஃப் செய்து ஓரமாக உருட்டி நிறுத்துங்கள். சாவியை மட்டும் வெளியே எடுக்கவே கூடாது, ஸ்டியரிங் லாக் ஆகலாம். சூடு ஆறியதும் பிளக்கைக் கழற்றினால் வெளுத்திருப்பது பெட்ரோல் குறைவு, கரி படிந்திருப்பது அதிகம், நனைந்து பெட்ரோல் வாடை அடித்தால் ஸ்பார்க் இல்லை. வீட்டுக்கு மெதுவாக ஓட்டி வந்து பார்த்தால் பிளக் ஐட்லிங் கதையைத்தான் சொல்லும், அதில் பயனில்லை.

பெட்ரோல் குறைவு என்றானால் பின்னாலிருந்து முன்னால் வாருங்கள். டேங்க் மூடியைத் தளர்த்தி வைத்து ஓட்டிப் பாருங்கள், சரியானால் காற்றுத் துளை அடைப்பு, அதோடு வேலை முடிந்தது. இல்லையென்றால் டேங்கின் உள்ளே உறிஞ்சும் குழாயின் வலையில் துரு. அப்புறம் ரப்பர் ஹோஸ்கள், இங்கேதான் நிதானமாகப் பார்க்க வேண்டும். டேங்குக்கும் ஏசி பம்புக்கும் (இன்ஜின் இயக்கும் பெட்ரோல் பம்ப்) நடுவே பெட்ரோல் உறிஞ்சப்பட்டுத்தான் வருகிறது, அதனால் வெடிப்பு இருந்தாலும் வெளியே சொட்டாமல் காற்றை உள்ளே இழுக்கலாம். இன்னொன்று, வெளியே பளபளப்பாக இருக்கும் ஹோஸ் உள்ளே உரிந்து, உறிஞ்சும் வேகத்தில் ஒட்டிக்கொள்ளும். நிறுத்தினால் விரிந்துவிடும் என்பதால் ஷெட்டில் நிற்கும்போது எந்தக் குறையும் தெரியாது.

பங்கில் இப்போது கிடைக்கும் இ20 பெட்ரோலையும் கணக்கில் எடுங்கள். 20 சதவீத எத்தனால் பழைய ரப்பரையும் பம்ப் டயாஃப்ரத்தையும் (பம்பின் உள்ளே அசையும் சவ்வு) கெடுக்கும், டேங்கில் படிந்த கசடைக் கரைத்து லைனுக்கு அனுப்பும். அதோடு எத்தனால் கலந்த பெட்ரோலுக்குக் காற்று குறைவாகத்தான் வேண்டும்: எடையில் காற்று 14.7-க்கு பெட்ரோல் 1 என்ற விகிதம் சுமார் 13.5-க்கு 1 ஆகிறது. அளவு மாறாத ஜெட் அதை ஈடுகட்டாது, கலவை மெலியும். ஹோஸ், டயாஃப்ரம் இரண்டையும் எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றுங்கள். எல்லாம் சரியான பிறகும் பிளக் வெளுத்தே இருந்தால் மெயின் ஜெட்டை ஒரு அளவு பெரிதாக்கலாம், அதற்கு முன் வேண்டாம்.

கடைசியாக பம்ப். காயில் ஒயரைக் கழற்றி வைத்து, கார்புரேட்டருக்கு வரும் ஹோஸை நீளமாக நீட்டி ஒரு பாட்டிலுக்குள் விட்டு செல்ஃப் அடியுங்கள். விட்டு விட்டு, ஆனால் அழுத்தமாகப் பீய்ச்ச வேண்டும். குமிழியோடு வந்தால் உறிஞ்சும் பக்கம் காற்று நுழைகிறது, சோம்பலாக வழிந்தால் டயாஃப்ரம் அல்லது வால்வு. இன்ஜின் ஆறியிருக்க வேண்டும், தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், இதில் சமரசமே கூடாது. பாட்டிலில் விழும் பெட்ரோலை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பழுப்புத் துகள் மிதந்தால் டேங்கை இறக்கிக் கழுவுங்கள், பம்புக்கு முன்னால் ஒரு ஃபில்டரும் போடுங்கள்.